என் காதுக்குச் சமாதானம் பேச வந்தவர்கள்

தினேஷுக்கு,

நீ போனில் சொன்னதை உன் அப்பா ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி என்னிடம் நீட்டினார். 'வழக்கை வாபஸ் வாங்கிவிட்டால் நல்லது என்று சம்பந்தி வீட்டில் நினைக்கிறார்கள். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.' உன் அப்பாவுக்குப் பக்குவம் தெரியாது என்பது உனக்கே தெரியும். பக்குவமாகச் சொல்லுங்கள் என்று நீ சொன்னதையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன். சத்தமாகத்தான் சிரித்திருக்க வேண்டும். பிரஸ்ஸில் மிஷின் பக்கம் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தினமும் காலையில் எனக்கு வாட்ஸப்பில் ரோஜாப்பூ அனுப்புகிறாய். 'சாப்டியாம்மா' என்று கேட்கிறாய். பெங்களூரில் மழை பெய்தால் படம் எடுத்து அனுப்புகிறாய். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் உனக்கு என் நம்பர் மறந்துவிட்டது. காது போனவளுக்குக் கண்ணும் போய்விட்டது என்று நினைத்தாயோ என்னவோ. சரி, நான் உனக்கு நேராகவே எழுதுகிறேன். கடிதம் நீளமாக இருக்கும். நடுவில் மீட்டிங் வந்தால் போய்விட்டு வந்து மிச்சத்தைப் படி.

நான் வழக்குப் போட்டிருக்கிற டாக்டர் உன் வருங்கால மாமனாரின் தங்கை வீட்டுக்காரர் என்பது நிச்சயதார்த்தம் முடிந்த பிறகுதான் நமக்குத் தெரிய வந்தது. அதில் யார் மேலும் தப்பில்லை. சிவகாசியில் எந்த இரண்டு வீட்டை எடுத்தாலும் நடுவில் ஒரு சொந்தம் இருக்கத்தான் செய்யும். ஆனால் சொந்தம் என்று தெரிந்த மறுநாளே உனக்கு என் வழக்கு ஒரு 'பிரச்சனை' ஆகிவிட்டதே, அதுதான் எனக்கு வியப்பு. அந்த வழக்கில் என்ன இருக்கிறது என்று நீ ஒருநாளும் முழுசாகக் கேட்டதில்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ வேலைக்குச் சேர்ந்த புதிது. உனக்குக் கிடைத்ததெல்லாம் அப்பாவின் 'பரவாயில்லப்பா, இப்பத் தேவலை' மட்டும்தான். உன் அப்பாவைப் பொறுத்தவரை வீடு இடிந்து விழுந்தாலும் இப்பத் தேவலைதான். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

காலண்டர் சீசன் சூடு பிடித்திருந்த நேரம். எனக்கு நடுக்கத்தோடு காய்ச்சல். சிறுநீரில் கிருமி என்றார்கள், நாலைந்து நாள் படுக்க வேண்டும் என்றார்கள். அந்த டாக்டருடைய ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். மூன்று மாடி, வாசலில் பளிங்குப் பிள்ளையார், கீழே அவர்களுடைய சொந்த மருந்துக்கடை. டாக்டரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டாம். ஊரில் எந்தப் பள்ளிக்கூட ஆண்டு விழா என்றாலும் மாலையோடு நடுவில் உட்கார்ந்திருப்பவர். அவர் நோயாளியைப் பார்க்க வரும்போது கூடவே நாலு பேர் வருவார்கள், அவர் பார்க்கிறாரா என்று பார்க்க.

எனக்குச் சர்க்கரை உண்டு, அதனால் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்று சேர்ந்த அன்றே ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் ஒரு ஊசியை வழக்கமான அளவில் பாதி என்று எழுதினார். இந்தக் கதையில் அவர் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான், ஆகவே அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கீழே மருந்துக்கடையில் பாதியளவு பாட்டில் இருப்பில் இல்லை. முழு அளவு பாட்டில் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். இதில் பாதியைத்தான் ஏற்ற வேண்டும் என்று கடையில் இருந்தவன் மேலே சொல்லவில்லை. மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை. அங்கே கடையில் நின்றவன் மருந்து படித்தவனும் இல்லை. படித்தவருடைய சான்றிதழ் மட்டும் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஊசி போட்டது முத்துமாரி என்கிற பிள்ளை. விஸ்வநத்தத்துக்காரி. அப்பனும் ஆத்தாளும் பட்டாசுக் கம்பெனியில் வேலை. பன்னிரண்டாவது முடித்தவளை ஆஸ்பத்திரியே கொஞ்ச நாள் பழக்கி, வெள்ளை உடுப்பு மாட்டி, சிஸ்டர் என்று பெயர் வைத்துவிட்டது. நர்ஸிங் படித்தவளுக்குச் சம்பளம் கூடுதலாகக் கொடுக்க வேண்டுமே! அவள் கையில் கொடுத்த பாட்டிலை அவள் முழுசாக ஏற்றினாள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. சிறுநீரகம் வெளியே தள்ள முடியாத மருந்து உடம்புக்குள்ளேயே தேங்கிக்கொண்டிருந்தது. நடுவில் இன்னொரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

ஒருநாள் காலையில் காதுக்குள் கொய்யென்று சத்தம். முதலில் பக்கத்து அறையில் ஏதோ மோட்டார் ஓடுகிறது என்று நினைத்தேன். பஞ்சை வைத்து அடைத்தாலும் நிற்கவில்லை.

"முத்துமாரி, காதுக்குள்ள ஒரே இரைச்சலா இருக்குத்தா. கட்டில விட்டு இறங்குனா தலை சுத்திக்கிட்டு வருது" என்றேன்.

"ஊசி ஒத்துக்கலையோ என்னமோம்மா. இருங்க, சார் வரட்டும், சொல்லுதேன்" என்றாள்.

சொல்லவும் சொன்னாள். டாக்டர் வந்தபோது, "சார், இந்த அம்மாவுக்குக் காதுல இரைச்சல் கேக்குதாம், தலையும் சுத்துதாம்" என்றாள். அவர் போனில் எதையோ தேய்த்துக்கொண்டே, "சிவகாசில இருந்துக்கிட்டு காதுல சத்தம் கேக்கலைன்னாத்தாம்மா அதிசயம். தீவாளி வருதுல்ல?" என்றார். கூட வந்த நாலு பேரும் சிரித்தார்கள். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலமும் ஊசி போட்டார்கள். மறுநாளும் போட்டார்கள். காய்ச்சல் நின்றதும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் காது அடைத்தபடியே இருந்தது. சளி என்று நினைத்து ஆவி பிடித்தேன். நாள் போகப் போகப் பேச்செல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவதுபோல ஆனது. ஆர்டர் வருகிற நேரம். எத்தனை நாள் படுத்திருக்க முடியும்? பிரஸ்ஸுக்குப் போய் உட்கார்ந்தேன். போன் வெளிச்சம் காட்டியது. ராஜபாளையத்து வியாபாரி, வருஷா வருஷம் நம்மிடம் காலண்டர் அடிப்பவர். எடுத்து, "சொல்லுங்கண்ணாச்சி" என்றேன். ஒன்றும் வரவில்லை. "கேக்கல, கொஞ்சம் சத்தமாப் பேசுங்க" என்றேன். கத்தினேன் போலிருக்கிறது. உன் அப்பா ஓடி வந்து போனை வாங்கிக் காதில் வைத்தார். அவர் உதடு அசைந்தது. யாரோடோ நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய குரலும் எனக்கு வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். பெரிய மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, தாள் தாளாக வந்து விழுகிறது, சத்தமே இல்லை. தினேஷ், இருபது வருஷத்துக்கு மேல் அந்த மேஜையில் உட்கார்ந்து போனில் பேசியே இந்த பிரஸ்ஸுக்கு ஆர்டர் பிடித்தவள் நான். எந்த வியாபாரிக்கு எந்தச் சாமி படம் வேண்டும் என்று குரலை வைத்தே எனக்குத் தெரியும். அந்த மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை.

மதுரைக்குப் போனோம். காது டாக்டர் ஒரு பெண், உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருக்கலாம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துப் பரிசோதித்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டையும் மருந்துக்கடை பில்லையும் வாங்கிப் பார்த்தாள். பார்த்ததும் முகம் மாறியது. அப்பாவிடம் என்னவோ கேட்டாள். அவர் எனக்கு எழுதிக் காட்டினார். 'நடுவில் சிறுநீரகத்துக்கு டெஸ்ட் எடுத்தார்களா என்று கேட்கிறாள்.' பிறகு அவளே எனக்காக எழுதினாள்: இரண்டு காதிலும் உள்நரம்பு கெட்டுவிட்டது, இந்த மருந்து அளவு மிஞ்சினால் இப்படி ஆகும், திரும்பாது. "இதையே உங்க லெட்டர்ல எழுதித் தருவீகளாம்மா?" என்று கேட்டேன். பேனாவை மூடிவிட்டாள். இன்னொரு டாக்டரைப் பற்றித் தான் எழுத முடியாதாம். நன்றாகப் படித்த பிள்ளை, நல்ல மனசும்தான். ஆனால் அவர்கள் உலகத்தில் உண்மையை வாயால் சொல்லலாம், எழுதக் கூடாது. பிறகு அரசாங்க மருத்துவக் கல்லூரியில் இருந்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரைத் தேடிப் பிடித்து அந்தக் கருத்தை எழுதி வாங்கினோம். அவருக்கு இனிமேல் யார் வீட்டு விழாவுக்கும் போக வேண்டியதில்லை போலிருக்கிறது.

திரும்பி வந்து டாக்டரைப் பார்த்தோம். வழக்கு போட வேண்டும் என்று அப்போது எனக்கு எண்ணமே இல்லை. 'தப்பு நடந்துபோச்சு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அழுதுவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அவர் சொன்னதை அப்பா அங்கேயே எழுதிக் காட்டினார். 'நான் எழுதுனது பாதி டோஸ்தான். சிஸ்டர் தப்பா போட்டுட்டா. அவளை நிறுத்தியாச்சு. இதுக்கு மேல என்ன செய்யணுங்கிறீக?' படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வேலைக்காரியை நிறுத்தியதற்கு என்னிடம் பாராட்டு எதிர்பார்த்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பிள்ளைக்கு வெள்ளை உடுப்பு மாட்டிவிட்டது யாரு? கடையில படிக்காதவனை உக்கார வச்சது யாரு? காதுல இரைச்சல்னு சொன்னப்ப தீவாளி வருதுன்னு சொன்னது யாரு?" என்று கேட்டேன். அவர் வாய் அசைந்தது. பதில் சொன்னார் போலிருக்கிறது. நான் பார்க்காமல் எழுந்து வந்துவிட்டேன். காது கேட்காததில் இருக்கிற ஒரே வசதி அது.

சிகிச்சை விவரத்தின் நகலைக் கேட்டோம். மூன்று நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று அலைக்கழித்துவிட்டு, வக்கீல் நோட்டீஸ் போன பிறகு கொடுத்தார்கள். அதில் ரகசியம் எதுவும் இல்லை. எழுதியது பாதி, ஏற்றியது முழுசு என்று அவர்கள் கையெழுத்திலேயே வரிசையாக இருந்தது. மறைக்க வேண்டும் என்ற அளவுக்குக்கூட நம்மை அவர்கள் மதிக்கவில்லை.

முதலில் பார்த்த வக்கீல் விருதுநகரில் பெரிய போர்டு வைத்திருப்பவர். எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார். அடுத்த வாரமே, 'டாக்டர் தரப்பில் பேசிப் பார்த்தேன், மனிதாபிமான அடிப்படையில் ஏதாவது செய்வதாகச் சொல்கிறார்' என்றார். நம் வக்கீல் நம்மிடம் கேட்காமலே போய் அவர்களோடு காபி குடித்திருக்கிறார். கும்பிட்டுவிட்டு வந்தோம். பிறகு கிடைத்தவர்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீலம்மா. முதல் நாளே ஒரு வெள்ளைப் பலகையும் மார்க்கரும் வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தார். எழுதுவார், நான் படிப்பேன், அழிப்பார், மறுபடி எழுதுவார். அவர் சொன்னதை உனக்கும் சொல்லி வைக்கிறேன். நாளைக்கு உனக்கோ, நீ கட்டிக்கொள்ளப்போகிற சௌமியாவுக்கோ தேவைப்படலாம், தேவைப்படாமல் இருக்கட்டும்.

போலீஸுக்குப் போகலாம். ஆனால் பெரிய அளவில் அலட்சியம் நடந்தது என்று இன்னொரு டாக்டர் சொன்னால்தான் அவர்கள் நகருவார்கள். எழுதித் தரும் டாக்டர் எங்கே இருக்கிறார் என்பதை மேலே படித்தாய். மருத்துவ கவுன்சிலுக்கு எழுதலாம். டாக்டர் தப்பு செய்தாரா என்று டாக்டர்களே உட்கார்ந்து பார்ப்பார்கள். தப்பு என்று அவர்களுக்கே தோன்றினால் கொஞ்ச நாளைக்குத் தொழில் செய்யாமல் நிறுத்தி வைக்கலாம்; நஷ்டஈடு தரச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை. மருந்தே கெட்டது, சரக்கே போலி என்றால் மருந்து ஆய்வாளரிடம் போக வேண்டும். அதற்கு அந்தப் பாட்டிலையோ அட்டையையோ தொகுப்பு எண்ணோடு தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும். எனக்கு ஏற்றிய மருந்து நல்ல மருந்துதான். கெட்டது மனுஷர்கள். ஆனாலும் மருந்து படிக்காதவன் கடையில் நின்றதற்கு அங்கேயும் ஒரு புகார் கொடுத்தோம். கடைசியாக நுகர்வோர் ஆணையம். காசு கொடுத்து வைத்தியம் பார்த்தவர்கள் அங்கே நஷ்டஈடு கேட்கலாம், இரண்டு வருஷத்துக்குள் போய்விட வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்த்தவர்களுக்குப் பொதுவாக அந்தக் கதவு திறக்காது, அவர்கள் வேறு கோர்ட்டு ஏற வேண்டும். 'எல்லா வழியும் மெதுவானதுதான். இது கொஞ்சம் குறைந்த மெதுவானது' என்று வக்கீலம்மா பலகையில் எழுதினார். அந்தப் பெண்மணியை எனக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போனது.

ஆணையத்தில் மனு போட்டது தெரிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். மூன்று பேர், வெள்ளை வேட்டி, கையில் ஆப்பிள். நான் படுத்துக் கிடந்தபோது ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் பேசியதை அப்பா எழுதினார். 'நம்மாளு ஒருத்தன் டாக்டராகி ஊருக்குள்ள ஆஸ்பத்திரி கட்டிருக்கான். நம்மளே கோர்ட்டுக்கு இழுத்தா அடுத்தவன் சிரிக்க மாட்டானா?'

"நம்மாளுதான் அண்ணாச்சி, இல்லைங்கல. போனதும் நம்மாளு காதுதான்" என்றேன். அப்புறம் காபி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்கள். ஆப்பிளை மிஷின் ஓட்டுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

டாக்டர் ஆணையத்தில் சத்தியம் பண்ணி ஒரு பதில் கொடுத்தார். காதில் கோளாறு என்று நோயாளி ஒருநாளும் சொன்னதே இல்லையாம். ஏற்கெனவே பட்டாசுச் சத்தத்திலும் அச்சு மிஷின் சத்தத்திலும் கெட்டுப்போன காதாம். அதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அதுவரை வருத்தம்தான்.

முத்துமாரி நம் வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகு. ஆஸ்பத்திரியில் இருந்து விரட்டிய பின் அவளும் பட்டாசுக் கம்பெனிக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள், பெட்டிக்கு லேபிள் ஒட்ட. வாசலிலேயே நின்று அழுதாள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, வக்கீலம்மாவையும் வரவழைத்தேன். வக்கீலம்மா அவளிடம் ஒளிக்கவில்லை. 'நீ சாட்சி சொன்னால், ஊசி போட்டது நான்தான் என்பதையும் சொல்ல வேண்டி வரும். உன்மேலும் பாயப் பார்ப்பார்கள். யோசித்துச் சொல்' என்று அவளிடம் சொன்னதை எனக்கும் எழுதிக் காட்டினார். அந்தப் பிள்ளை சொன்ன பதிலை வக்கீலம்மா பலகையில் எழுதி என் பக்கம் திருப்பினார். 'நான் போட்டதும் உண்மைதான, சார்ட்ட சொன்னதும் உண்மைதான. ரெண்டையும் சொல்லுதேன்.' மூன்று மாடி கட்டியவருக்கு வராத வாக்கியம் அது. சொன்னபடியே வந்து இரண்டையும் சொன்னாள். அவளுடைய ஆத்தா ஆணையத்து வாசலில் வேப்பமரத்தடியில் முந்தானையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

என்னையும் குறுக்கு விசாரணை செய்தார்கள். அவர்கள் வக்கீல் கேட்பதை எழுதிக் காட்ட வேண்டும் என்று ஆணையத் தலைவர் சொல்லிவிட்டார். அந்த வக்கீலுக்கு எழுதுவது கஷ்டமாக இருந்தது. பேசிப் பழகிய வாய். 'பல வருஷங்களாக அச்சு மிஷின் பக்கத்திலேயே இருக்கிறீர்கள், அதனால்தான் காது கெட்டது, சரியா?' என்று எழுதினார்.

"மிஷின் பக்கத்துல நின்னது என் வீட்டுக்காரரு. அந்தா உக்காந்திருக்காரு, கூப்பிட்டுப் பாருங்க, திரும்புவாரு. நான் இருந்தது போன் பக்கத்துல. காது கேக்காதவ எப்படிய்யா அம்புட்டு வருஷம் போன்ல ஆர்டர் எடுப்பா?" என்றேன். அந்த வக்கீல் திரும்பி உன் அப்பாவைப் பார்த்தார். பிறகு தன் தாளைப் பார்த்தார். அதை மடித்துக் கட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

இதற்கெல்லாம் பிறகுதான் உன் நிச்சயதார்த்தம், அதற்குப் பிறகு அந்தச் சொந்தம். உன் மாமனாரும் டாக்டரும் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்களே, அதை உன் காதுக்கு எப்படிச் சொன்னார்களோ தெரியாது. நான் சொல்கிறேன். உன் மாமனார் நல்ல மனுஷர்தான், நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தார். டாக்டர் ஒரு பெட்டியை மேஜையில் வைத்தார். திறந்தேன். காது மிஷின். வெளிநாட்டுச் சரக்கு, பளபளவென்று இருந்தது. 'ஒரு மரியாதைக்கு' என்று உன் மாமனார் எழுதினார். 'கல்யாண நேரத்துல மனசுல எதையும் வச்சுக்க வேண்டாம். வாபஸ் வாங்கிட்டா எல்லாருக்கும் நிம்மதி.'

நான் டாக்டரையே பார்த்தேன். "உள்நரம்பே செத்துப்போனவளுக்கு இந்த மிஷின் என்ன செய்யும், டாக்டர்?" என்று கேட்டேன். எம்.டி. படித்தவர், தெரியாமல் இருக்காது. தெரிந்துதான் வாங்கி வந்திருக்கிறார். நான் அதை மாட்டிக்கொண்டு தலையாட்டினால் போதும் என்று நினைத்திருக்கிறார். பெட்டியை மூடி அவர் பக்கம் தள்ளினேன். "நீங்களே வச்சுக்கோங்க. ரவுண்ட்ஸ் போகும்போது மாட்டிக்கிட்டுப் போனா, சீக்காளி சொல்றது காதுல விளும்" என்றேன். எழுந்து போய்விட்டார். உன் மாமனார் என்னைக் கும்பிட்டுவிட்டுப் பின்னாலேயே போனார். யாருக்காகக் கும்பிட்டார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மறுநாள் சௌமியா வந்தாள். தனியாக, ஸ்கூட்டியில். எனக்கு நேரெதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, உதடு தெரிகிற மாதிரி நிதானமாகப் பேசினாள். எங்கேதான் பழகினாளோ. எனக்குப் புரியாத இடத்தை மட்டும் உள்ளங்கையில் எழுதினாள்.

"மாமா செஞ்சது தப்பு அத்தை. நீங்க விட்டுறாதீக. எங்கப்பாட்ட நான் பேசிக்கிடுதேன்."

"தினேஷ்ட்ட சொன்னியாத்தா?" என்று கேட்டேன்.

சிரித்தாள். "சொன்னேன். பாப்போம்னாரு."

பாப்போம்! உன் வாயில் இருந்து வரக்கூடிய மிக வீரமான சொல் அதுதான் என்று எனக்கும் தெரியும். ஒரு பக்கம் ஒரு பெண் தன் அத்தை வீட்டுக்காரரை எதிர்த்து, கல்யாணமே நின்றாலும் பரவாயில்லை என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வருகிறாள். இன்னொரு பக்கம் நான் பெற்ற பிள்ளை அப்பாவுக்குப் போன் போட்டு, அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள் என்கிறான். நீ அந்தப் பெண்ணுக்குத் தகுதியானவனா என்று கேட்டால், பெற்றவள் என்பதால் வாயை மூடிக்கொள்கிறேன்.

நீ போன் செய்ததற்கு மறுநாள் ஆணையத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. உனக்குத் தெரிந்திருக்கும், ஆனால் நீ இன்னும் ஒரு வரி எழுதவில்லை. ஆஸ்பத்திரி, டாக்டர், மருந்துக்கடை மூவர் மேலும் குற்றம் என்று சொல்லிவிட்டார்கள். காதுக்குள் கருவி வைக்கிற அறுவைச் சிகிச்சைக்கான செலவையும் அவர்களே ஏற்க வேண்டும் என்று இருக்கிறது. அதை வைத்தாலும் பழையபடி கேட்கும் என்று சொல்ல முடியாதாம். ஏதோ கொஞ்சம் வரலாம். படிக்காத பிள்ளை கையில் ஊசியைக் கொடுத்துவிட்டு அவள் தலையில் பழியைப் போட நிர்வாகத்துக்கு உரிமை இல்லை என்று ஒரு பத்தி இருக்கிறது. அதை வக்கீலம்மா முத்துமாரிக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். அவள் என் பக்கம் திரும்பி எதையோ கேட்டாள். இரண்டு தரம் கேட்ட பிறகுதான் உதட்டைப் பார்த்துப் பிடித்தேன். "அப்ப என் மேல ஒண்ணும் இல்லையாம்மா?" இல்லை என்று தலையாட்டினேன். அவளுடைய ஆத்தா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுத சத்தம் எப்படி இருந்ததோ. சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

டாக்டர் மேல்முறையீட்டுக்குப் போகிறாராம். போகட்டும், அது அவருடைய உரிமை. ஆகவே இனிமேல் வாபஸ் வாங்க வேண்டும் என்றால் அவர்தான் வாங்க வேண்டும். பக்குவமாகச் சொல்ல ஆள் வேண்டுமானால் உன்னையே கூப்பிட்டுக்கொள்ளட்டும். உன் மாமனார் கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாமா என்று அப்பாவிடம் இழுத்திருக்கிறார். தேதி மாறாது என்று சௌமியா அவரிடம் சொல்லிவிட்டு எனக்கும் செய்தி அனுப்பினாள். பத்திரிகை நம் பிரஸ்ஸில்தான் அடிக்கிறோம். டாக்டர் வீட்டுக்கும் ஒன்று போகும். பெண்ணின் அத்தை வீடு, முறை உண்டு. வந்தால் நானே வாங்க என்று சொல்லிச் சாப்பிட உட்கார வைப்பேன்.

மேல்முறையீடு மதுரையில் நடக்கும், முதல் வாய்தா உன் கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் வரலாம் என்று வக்கீலம்மா சொல்கிறார். வண்டி பேசியிருக்கிறோம். நானும் அப்பாவும் போகிறோம். ஒருநாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று முத்துமாரி வருகிறாள். தாலி ஏறிய கையோடு சௌமியாவும் வருகிறேன் என்கிறாள். இதற்கு மேலும் வண்டியில் ஒருவர் உட்கார இடம் இருக்கிறது. அது உனக்கு என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

உன் அம்மா